திங்கக்கிழமை ஆனா நெஞ்சு இறுக்குது

கேள்வி: டாக்டர், என் வீட்டுக்காரருக்கு 43 வயசு, 18 வருஷமா ஸ்பின்னிங் மில்லுல பஞ்சு பேலைப் பிரிச்சு சுத்தம் பண்ற ப்ளோ ரூம்ல வேலை. ஞாயித்துக்கிழமை லீவுல நல்லாத்தான் இருக்கார், திங்கக்கிழமை ஷிப்ட் முடிஞ்சு வந்தா நெஞ்சுல கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி இருக்குங்கறார். முன்னாடி ஒரு நாளோட சரியாயிடும், இப்ப ஆறு மாசமா வியாழன் வரைக்கும் இழுக்குது. எக்ஸ்ரேல ஒண்ணுமில்லன்னுட்டாங்க. துண்டு கட்டிக்கிட்டுத்தான் போறார், ஆனா வரும்போது புருவத்துல கூட பஞ்சு ஒட்டியிருக்கும். பயமா இருக்கு.
- வாசகி, வேடசந்தூர்

பதில்: நீங்க கிழமையோட சொன்னது ரொம்ப நல்லதாப் போச்சும்மா. இது பிசினோசிஸா இருக்கலாம், பஞ்சுத் தூசியால வர்ற நுரையீரல் நோய். பேல் பிரிக்கிற இடத்துலயும் பஞ்சை சீவுற கார்டிங்லயும்தான் தூசி ஜாஸ்தி, அதுல காஞ்ச இலைத்தூள், பாக்டீரியாவோட நச்சு எல்லாம் கலந்திருக்கு, அது மூச்சுக்குழாயை சுருக்கிடும். எக்ஸ்ரேல பெரும்பாலும் இது தெரியாது, அதனால அந்த ரிப்போர்ட்டை நம்பி சும்மா இருந்துடாதீங்க.

இங்கிலாந்துல லங்காஷயர் மில்லுங்கள்ல 1950கள்ல ஷில்லிங்னு ஒரு டாக்டர் இந்த நோயை கிழமைய வெச்சுத்தான் தரம் பிரிச்சார். திங்கக்கிழமை மட்டும் இறுக்கம்னா ஆரம்பம், மத்த நாளும் வந்தா அடுத்த படி, அதுக்கு மேல போனா லீவு போட்டாலும் மூச்சு பழையபடி திரும்பாது. உங்க வீட்டுக்காரர் ரெண்டாவது படிக்கு வந்துட்டார்னுதான் எனக்குத் தோணுது, அதான் அவசரப்படுத்தறேன்.

ஸ்பைரோமெட்ரி டெஸ்ட் எடுங்க, ஒரு செகண்ட்ல எவ்வளவு காத்தை வெளிய ஊத முடியுதுன்னு பாப்பாங்க, அதை திங்கக்கிழமை ஷிப்டுக்கு முன்னாடி ஒருதடவை, முடிஞ்சதும் ஒருதடவை எடுத்தாத்தான் வித்தியாசம் புடிபடும். இன்ஹேலர் குடுத்தா வாங்கிக்கங்க, ஆனா இன்ஹேலரை அடிச்சுக்கிட்டே அதே ப்ளோ ரூம்ல நின்னா நோய் உள்ள வளர்ந்துக்கிட்டேதான் இருக்கும். தூசி கம்மியான டிபார்ட்மெண்டுக்கு மாத்தச் சொல்லி எழுதிக் கேளுங்க. துண்டு இந்தத் தூசியத் தடுக்காதும்மா, மாறுற வரைக்கும் மூஞ்சில இடைவெளி இல்லாம பொருந்துற என்95 மாஸ்க் போடச் சொல்லுங்க. பீடி சிகரெட் இருந்தா இன்னிக்கே நிறுத்தணும்.

இது சட்டத்துலயே தொழில் நோய் பட்டியல்ல இருக்கு. இஎஸ்ஐ கார்டு இருந்தா அங்க போய் "ப்ளோ ரூம்ல 18 வருஷம்"னு சீட்டுல எழுத வைங்க, வெறும் வீசிங்னு எழுதிட்டா பின்னாடி இழப்பீடு கேக்கும்போது கஷ்டம். போறப்ப வீட்டு காலண்டர்ல இறுக்கம் வந்த நாளையெல்லாம் வட்டம் போட்டு, அந்தத் தாளையும் கையோட எடுத்துட்டுப் போங்க.