விக்டோரியா காலத்து அச்சு மைக் கம்பெனிகள் விளம்பரத்துக்கு ஏன் இவ்வளவு அலங்காரம் செய்தன? வெறும் படாடோபம்தானே?

படாடோபம் என்ற சொல்லைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் அந்த விளம்பரங்களை இணையத்தில் படமாகத்தான் பார்த்திருப்பீர்கள். காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் அச்சு மெஷினில் தொழில் பழகியவன் என்பதால் சொல்கிறேன்: மைக் கம்பெனி விளம்பரத்தில் அலங்காரம்தான் சரக்கு. சோப்பு விற்பவர் சோப்பைப் பற்றி எழுதத்தான் முடியும். மை விற்பவரோ தன் மையாலேயே பக்கத்தை அச்சடித்து வாங்குபவர் கையில் கொடுத்துவிடலாம். அந்த வாங்குபவரும் அச்சகக்காரர். அவர் கண்ணை ஏமாற்ற முடியாது.

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலிருந்து 1888 முதல் வெளிவந்த ‘தி பிரிட்டிஷ் பிரிண்டர்’ என்ற அச்சுத் தொழில் இதழின் உதிரித் தாள் ஒன்று பழைய புத்தகக் கடையில் எனக்குக் கிடைத்தது. ஒரு மை விளம்பரம். ஆலிவ் பச்சை, செங்கல் நிறம், பொன் நிறம். கோடு அச்சடிக்கும் பித்தளைத் தகடுகளான ரூல்களை வளைத்துச் செய்த விசிறியும் மூங்கிலும். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி பார்ம், அதாவது எழுத்தும் ரூலும் கோத்து இறுக்கிய சட்டம், கட்டி, ஒரே தாளைத் திரும்பத் திரும்ப மெஷினில் விட்டிருக்கிறார்கள். இரண்டு நிறங்கள் சேரும் இடத்தில் மயிரிழை வெள்ளைகூடத் தெரியவில்லை. தாளைத் திருப்பினேன். ஆளி விதை எண்ணெயைப் பதமாகக் காய்ச்சி, மைக்கு அடிப்படையான வார்னிஷ் ஆக்காவிட்டால், எழுத்தைச் சுற்றி எண்ணெய் கசிந்து மஞ்சள் படியும். நூறு ஆண்டு கடந்தும் அந்தக் கறை இல்லை. இதை எந்த வாசகம் எழுதி நம்பவைக்க முடியும்?

"இங்கிலாந்து மை அவ்வளவு நல்லதென்றால், அங்கே அழகிய புத்தகங்கள் அச்சிட்ட வில்லியம் மாரிஸ் தன் கெல்ம்ஸ்காட் அச்சகத்துக்கு ஜெர்மனியின் ஹானோவரிலிருந்து அல்லவா மை வரவழைத்தார்" என்று யாராவது வருவார்கள். உண்மைதான். அவர் தேடியது நீலமோ சிவப்போ தட்டாத கறுப்பு. நான் பேசுவது வண்ண வேலையைப் பற்றி.

அமெரிக்காவில் சின்சினாட்டியின் ஆல்ட் அண்ட் விபோர்க் மைக் கம்பெனி, 1896இல் பாரிஸ் ஓவியர் துலூஸ்-லோத்ரெக்கிடமே லித்தோ (கல்லச்சு முறை) விளம்பரம் வாங்கியது. அரங்கில் அமர்ந்திருக்கும் பெண்ணும் ஆணும். மை டப்பா எங்கும் இல்லை. தேவைப்படவும் இல்லை.

அன்று மையைத் தாளிலேயே பார்த்து எடைபோட்டார்கள். இன்றைக்கு என் வாடிக்கையாளர்கள் கைபேசியில் பார்த்த நிறத்தைத் தாளில் அப்படியே கேட்கிறார்கள். திரையில் ஒளி, தாளில் மை, இரண்டும் ஒன்றாகாது என்று விளக்கினால், தொழில் தெரியாதவன் என்று பெயர். புரூஃப் என்ற மாதிரி அச்சைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவரே, திருமண அழைப்பிதழைக் கைபேசிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுப் பாதிப் பணத்தை நிறுத்திக்கொண்டார். கையெழுத்துள்ள அந்த புரூஃபை யார் கேட்டாலும் காட்டத் தயாராக இருக்கிறேன்.