தன் நாட்டைப் பார்த்துக்கொண்டே உலக நியாயமும் பேச முடியுமா?

கேள்வி இதுதான்: "எந்த நாடும் தன் மக்களைத்தானே முதலில் பார்க்கும்? அப்படி இருக்கும்போது உலகம் முழுக்க வளர்ச்சி, எல்லோருக்கும் நீதி என்று பேசுவதெல்லாம் நடக்கிற காரியமா?"

நடக்கும். ஒரு தடவை நடந்ததைக் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

நான் பார்மசிஸ்ட். 2002 வாக்கில் தாம்பரத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்த்தேன். அப்போது சானடோரியம் ஆஸ்பத்திரிக்கு வெளியூர்களிலிருந்தெல்லாம் எய்ட்ஸ் நோயாளிகள் வருவார்கள். எய்ட்ஸ் கிருமியை அடக்கி வைக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரையை அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில்தான். அதற்கு முன்னால் வெளியேதான் வாங்க வேண்டும், மாதத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் ஆகும். கையில் இருக்கும் காசுக்கு ஏற்றபடி ஒரு வாரத்துக்கோ பத்து நாளுக்கோ கேட்பார்கள். அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுப்பேன்.

ஒரு லாரி டிரைவரின் மனைவி வருவார். இரண்டு பேருக்குமே தொற்று. ஒருநாள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இதையே நாங்க ரெண்டு பேரும் பாதிப் பாதியா போட்டுக்கலாமா தம்பி?" என்று கேட்டார். கூடாதம்மா, பாதி போட்டால் இரண்டு பேருக்கும் கேட்காது, கிருமியும் மருந்துக்குப் பழகிவிடும் என்றேன். கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் பத்து நாளுக்கு வாங்கிக்கொண்டு, கவரின் மேல் அவர் வீட்டுக்காரர் பெயரை எழுதச் சொன்னார்.

அந்த ஆயிரத்துச் சொச்சமே அன்றைக்குப் பெரிய விஷயம் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதே சிகிச்சைக்கு மேலை நாடுகளில் வருடத்துக்கு 10,000 டாலருக்கு மேல் ஆகும், அதாவது அன்றைய மதிப்பில் நாலரை லட்சம் ரூபாயைத் தாண்டும். இங்கே ஏன் குறைந்தது? காரணம் ஒரு சட்டம். நீதிபதி என்.ராஜகோபால ஐயங்கார் 1959-ல் காப்புரிமை, அதாவது கண்டுபிடித்தவரைத் தவிர வேறு யாரும் அதைச் செய்யாமல் தடுக்கும் உரிமை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். இந்தியாவில் பதிவான காப்புரிமைகளில் பெரும்பகுதி வெளிநாட்டார் கையில் இருக்கிறது, அவற்றிலும் பெரும்பாலானவை இங்கே உற்பத்திக்கே வருவதில்லை என்று அதில் எடுத்துக் காட்டினார். தானும் செய்யவில்லை, அடுத்தவனையும் செய்ய விடவில்லை என்ற நிலை. அதையொட்டித்தான் 1970-ல் புதிய காப்புரிமைச் சட்டம் வந்தது. அதன்படி 2005 வரை மருந்து என்ற பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, அதைச் செய்யும் முறைக்கு மட்டும்தான் இருந்தது. வேறு முறையில் செய்யத் தெரிந்தால் யாரும் செய்ய முடிந்தது.

அந்தச் சட்டத்தை எழுதியபோது யாரும் ஆப்பிரிக்காவை நினைத்திருக்க மாட்டார்கள். நம் ஊர் நோயாளிக்கு மருந்து எட்ட வேண்டும், நம் ஆட்களுக்குச் செய்யத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். சுத்தமான நாட்டு நலன். ஆனால் 2001 பிப்ரவரியில் இந்திய மருந்து நிறுவனமான சிப்லாவின் யூசுப் ஹமீது, மூன்று மருந்து சேர்ந்த எய்ட்ஸ் சிகிச்சையை வருடத்துக்கு 350 டாலருக்கு எல்லைகளற்ற மருத்துவர்கள் என்ற தொண்டு அமைப்புக்குத் தருவதாக அறிவித்தபோது, உலகமே திரும்பிப் பார்த்தது. தென்னாப்பிரிக்க அரசு மலிவு மருந்து வாங்க வழி செய்யும் சட்டம் போட்டதற்காக 39 மருந்து நிறுவனங்கள் அதன்மேல் வழக்குத் தொடுத்திருந்தன. அதே ஆண்டு ஏப்ரலில் வழக்கை வாபஸ் வாங்கின. நவம்பரில் தோஹாவில் உலக வர்த்தக அமைப்பு, மக்கள் உடல்நலத்தைக் காப்பதற்குக் காப்புரிமை விதிகள் தடையாக இருக்கக் கூடாது என்று அறிவித்தது. தாம்பரத்தில் நான் வெட்டிக் கொடுத்த அட்டையும் லட்சக்கணக்கான ஆப்பிரிக்கர்களின் உயிரைப் பிடித்து வைத்த மாத்திரையும் ஒரே சட்டத்தின் பிள்ளைகள்.

அதனால் என் கருத்து இது: ஒரு நாடு எதற்கு ஆசைப்படுகிறது என்று பார்க்க வேண்டும். "எங்களுக்கும் செய்யத் தெரிய வேண்டும்" என்று ஆசைப்பட்டால் அது அடுத்தவன் வயிற்றில் அடிப்பதில்லை. "எங்களிடம் மட்டும்தான் இருக்க வேண்டும்" என்று ஆசைப்படும்போதுதான் அடிக்கிறது.

சரி, இரண்டும் மோதவே மோதாதா? மோதும். 2021-ல் மோதியது. ஜனவரியில் பூட்டானுக்கும் மாலத்தீவுக்கும் தடுப்பூசி அனுப்பத் தொடங்கினோம். ஏப்ரலில் இங்கே இரண்டாம் அலை. ஆக்சிஜனுக்கு ஆளாய்ப் பறந்த நாட்கள் அவை. ஏற்றுமதி கிட்டத்தட்ட நின்றே போனது. ஏழை நாடுகளுக்கும் தடுப்பூசி கிடைக்கச் செய்யும் கோவாக்ஸ் திட்டம் புனே சீரம் நிறுவனத்தைத்தான் பெரிதாக நம்பியிருந்தது. ஆப்பிரிக்காவில் முதல் டோஸ் போட்ட சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாவதுக்காகக் காத்துக் கிடந்தார்கள். நவம்பரில்தான் அந்தத் திட்டத்துக்கு மறுபடி அனுப்பினோம்.

அந்த ஏப்ரலில் நிறுத்தியதை நான் குறை சொல்ல மாட்டேன். வாசலில் பிணம் விழும்போது எந்த அரசாலும் அனுப்பியிருக்க முடியாது. தப்பு அதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது. உலகத்துக்கே வேண்டிய ஒரு பொருளை விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில் மட்டும் செய்தால், ஒரு இடத்தில் வெள்ளம் வந்தாலும் பத்து ஊரில் பஞ்சம்தான். 2020 அக்டோபரிலேயே இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் சேர்ந்து, கோவிட் முடியும்வரை காப்புரிமை விதிகளைத் தள்ளி வையுங்கள் என்று உலக வர்த்தக அமைப்பில் கேட்டன. முடிவு வந்தது 2022 ஜூனில். அதுவும் தடுப்பூசிக்கு மட்டும், அரைகுறையாக. அதற்குள் அலைகள் வந்து போய்விட்டன. தானமாகத் தருகிறோம் என்ற பணக்கார நாடுகள், நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று சொல்லத் தயாராக இல்லை. எனக்கு இன்னும் ஆறாத கோபம் அதில்தான்.

ஆனால் ஊருக்கு நியாயம் சொல்லும்போது நம் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2022-ல் காம்பியாவில் 60-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்ததற்கு இந்திய சிரப் காரணமாக இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகளைக் கொன்ற இருமல் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. உலகத்தின் மருந்துக்கடை என்று நம்மைச் சொல்லிக்கொள்கிறோம். கடை வைத்திருப்பவனுக்கு முதல் கடமை பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்திருப்பது. இன்னொன்றும் உண்டு. காப்புரிமை வாங்கியவர்கள் அதை இந்தியாவில் பயன்படுத்துகிறார்களா என்று வருடாவருடம் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று விதி இருந்தது. 2024 மார்ச்சில் அதை மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்று தளர்த்திவிட்டார்கள். ஐயங்கார் எதைப் பார்த்துக் கவலைப்பட்டாரோ, அதைக் கண்காணிக்கும் விதியைத்தான் நாமே தளர்த்தியிருக்கிறோம்.

இருந்தாலும் நம்பிக்கை போகாததற்குக் காரணம் இருக்கிறது. பெடாக்விலின் என்று ஒரு மருந்து, மற்ற மருந்துக்கு மசியாத காசநோய்க்குக் கொடுப்பது. அதன் உரிமை வைத்திருந்த கம்பெனி, அதே மருந்தின் உப்பு வடிவத்துக்குத் தனியாக ஒரு காப்புரிமை வாங்கி 2027 வரை உரிமையை நீட்டிக்கப் பார்த்தது. நம் சட்டத்தில், காப்புரிமை கொடுப்பதற்கு முன்னாலேயே யாரும் ஆட்சேபம் சொல்லலாம். 2019-ல் இரண்டு பெண்கள் சொன்னார்கள். ஒருவர் மும்பையின் நந்திதா வெங்கடேசன், இன்னொருவர் தென்னாப்பிரிக்காவின் புமேசா திசிலே. இருவரும் காசநோயிலிருந்து பிழைத்தவர்கள், பழைய மருந்துகளின் பக்கவிளைவால் காது கேட்கும் திறனை இழந்தவர்கள். தன் ஊர் நோயாளிக்கு மருந்து மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காக அந்தத் தென்னாப்பிரிக்கப் பெண் வந்து தட்டியது இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் கதவை. 2023 மார்ச்சில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஜூலையில் மூல மருந்தின் காப்புரிமையும் முடிந்தது. இங்கே வேறு கம்பெனிகளும் அதைச் செய்ய வழி திறந்தது.