கோடு போடும் முன்னே, எடுக்கும் வழியைப் பாருங்கள்

ஊசியும் நூலும்: வாசகர் கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைக் கேட்கின்றன: குயில்ட் (மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கைச் சேர்த்துத் தைக்கும் போர்வை) தைக்கத் துணியில் போடும் கோடு. எதால் போடுவது, போட்டதை எப்படி எடுப்பது? ஜிப் பற்றியும் மெஷின் டென்ஷன் பற்றியும் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை எழுதுகிறேன்.

கேள்வி: பேரனுக்காக வெள்ளைக் காட்டனில் குயில்ட் தைத்தேன். தண்ணீரில் போகும் நீலப் பேனாவால் கோடு போட்டேன். தைத்து முடித்ததும் சுருக்கம் போக இஸ்திரி போட்டு, அப்புறம் சோப்புத்தூள் போட்டு மெஷினில் துவைத்தேன். நீலம் போய்விட்டது. அதே இடத்தில் பழுப்பாகக் கோடு வந்திருக்கிறது. எடுக்க முடியுமா அக்கா? (ஈசூன் வாசகி)

பதில்: நீங்கள் வாங்கிய பேனாவில் குறை இல்லை அம்மா. அந்த மைக்கு இரண்டு விஷயம் ஆகாது: ஒன்று சூடு, இன்னொன்று சோப்புத்தூளில் இருக்கும் காரம். இரண்டில் ஏதாவது ஒன்று பட்டாலே மை துணியோடு பிடித்துக்கொண்டு பழுப்பாகவோ மஞ்சளாகவோ மாறிவிடும். உங்கள் துணியில் இரண்டும் பட்டிருக்கிறது.

முழுசாகப் போகும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் முயற்சி செய்து பாருங்கள். பெரிய வாளியில் வெறும் குழாய்த் தண்ணீரில் குயில்ட்டை முழுக்க மூழ்க வைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி ஓர் இரவு விடுங்கள். அதற்கும் போகாவிட்டால், வெள்ளைக் காட்டன் என்பதால், ஆக்ஸிஜன் வகை வெளுப்புத்தூளை முதலில் ஒரு மூலையில் போட்டுப் பாருங்கள். குளோரின் பிளீச் பக்கமே போகாதீர்கள், அது கறையை இன்னும் கெட்டியாக்கிவிடும். எதற்கும் மசியவில்லையா? கோடு இருக்கும் இடம் நீங்கள் தைத்த இடம்தானே! அதன் மேலேயே தடித்த எம்ப்ராய்டரி நூலால், கடுகு நிறத்திலோ இளம் பழுப்பிலோ, கையால் பெரிய பெரிய ஓட்டுத்தையல் போடுங்கள். கறை அதற்குள் மறைந்துவிடும். பார்ப்பவர்கள் வேண்டுமென்றே போட்ட அலங்காரம் என்றுதான் நினைப்பார்கள். குழந்தைக்கான குயில்ட்டுக்கு அது அழகாகவும் இருக்கும்.

அடுத்த முறைக்கு வரிசையை மட்டும் நினைவில் வையுங்கள்: தைத்து முடித்தவுடன் பச்சைத் தண்ணீர், அதற்குப் பிறகுதான் மற்ற எல்லாம். வாட்டர் ஹீட்டர் சுவிட்சைத் தொடவே வேண்டாம். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் போதும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேறு இரண்டு பேர் "துடைத்தேன், போய்விட்டது, மறுநாள் பார்த்தால் மறுபடியும் நீலம்!" என்று எழுதியிருக்கிறார்கள். ஈரப் பஞ்சால் ஒற்றி எடுக்கும்போது மை எங்கேயும் போகவில்லை. மேல்துணியிலிருந்து உள்ளே இருக்கும் பேட்டிங் என்ற பஞ்சு அடுக்குக்கு இறங்கியிருக்கிறது. காயும்போது ஈரம் மேலே ஏறுமல்லவா, அதோடு மையும் ஏறி வந்துவிடும். அதனால் ஒற்றுவது, தெளிப்பது எல்லாம் வேலை நடக்கும்போது ஒரு கோட்டை மாற்றிப் போட மட்டும் சரி. கடைசியில் முழுசாக முக்கி, நீலம் துளியும் வராமல் நிற்கும் வரை அலசித்தான் ஆக வேண்டும். மூங்கில் கழியில் மாட்டி வெயிலில் காயப்போடுவது அதற்குப் பிறகுதான்.

கேள்வி: கறுப்பும் கருநீலமுமாக ஒரு குயில்ட் தைக்கிறேன். இஸ்திரி போட்டால் மறைந்துவிடும் என்று சொல்லும் ஃப்ரிக்ஸியன் பேனாவால் கோடு போட்டேன். மறைந்தது, ஆனால் வெளிறிய வெள்ளைத் தடம் தெரிகிறது. இந்தக் குயில்ட் டொராண்டோவில் இருக்கும் என் அக்காவுக்குப் போக வேண்டும். அங்கே குளிரில் கோடு திரும்பி வந்துவிடும் என்கிறார்களே, உண்மையா? (பொங்கோல் வாசகர்)

பதில்: உண்மைதான் தம்பி. ஜப்பானின் பைலட் நிறுவனம் அந்தப் பேனாவைக் காகிதத்தில் எழுதத்தான் தயாரித்தது. குயில்ட் தைப்பவர்கள் அதைத் துணிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்த மை சூட்டில் அழிவதில்லை, நிறம் இழக்கிறது. நுண்ணிய உறைகளுக்குள் நிறமும், அந்த நிறத்தை எழுப்பும் பொருளும் சேர்ந்திருக்கும். சுமார் 60 டிகிரி செல்சியஸ் சூடு பட்டதும் இரண்டும் பிரிந்து நிறம் போய்விடும். உறைகள் துணியில்தான் கிடக்கும். கழித்தல் 10 டிகிரிக்குக் கீழே போகப் போக அவை மறுபடி சேர்ந்து நிறம் தெரியத் தொடங்கும், கழித்தல் 20-க்குள் நன்றாகவே வந்துவிடும். டொராண்டோவில் ஜனவரி மாதக் கடுங்குளிரில் பார்சல் ஒரு ராத்திரி வாசலில் கிடந்தால் போதும்.

சோதித்துப் பார்க்க ஆசையா? மிச்சத் துணியில் ஒரு கோடு போட்டு, இஸ்திரியால் மறைய வைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு வீட்டு ஃப்ரீசரில் வையுங்கள். காலையில் எடுத்துப் பாருங்கள். சமூக மன்ற வகுப்பில் புதிதாகச் சேருபவர்களிடம் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான்.

வெள்ளைத் தடம் வேறு தொல்லை. அது மையின் மிச்சம், கருமையான துணியில்தான் எடுப்பாகத் தெரியும். சில துணியில் துவைத்தால் மங்கும், சிலதில் அப்படியே நிற்கும். துணித் துண்டில் முதலில் பார்த்துவிட்டு, குயில்ட்டைத் துவைத்து அனுப்புங்கள். கோடு திரும்பி வந்தாலும் இஸ்திரி போட்டால் மறைந்துவிடும் என்று அக்காவுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள், பாவம், பிரித்துப் பார்த்துத் திகைத்துவிடப் போகிறார்.

என் கருத்தைக் கேட்டால், தையலுக்குள் மறைந்துபோகும் இடத்தில், துண்டு வெட்டும் கோட்டுக்கு, அந்தப் பேனா நல்ல உதவி. மேலே தெரியும் இடத்தில், பத்து இருபது வருஷம் இருக்கப்போகும் குயில்ட்டில், நான் அதை வைக்கவே மாட்டேன். கறுப்புத் துணிக்கு டெய்லர் சாக்குக்கட்டி இருக்கும்போது இது எதற்கு?

கேள்வி: ஊதா நிறப் பேனா தானாக மறைந்துவிடும் என்று வாங்கினேன். நான் தைத்து முடிப்பதற்குள் கோடு போய்விடுகிறதே! (செங்காங் வாசகி)

பதில்: அது காற்றில் மறையும் பேனா. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் சீக்கிரம் மறையும். சிங்கப்பூரில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். அட்டையில் போட்டிருக்கும் நேரத்தை நம் வீவக அடுக்குமாடி வீட்டில் நம்பாதீர்கள். ஒரே உட்காரலில் தைக்கக்கூடிய அளவுக்கு மட்டும் கோடு போடுங்கள். மறைந்துவிட்டது என்பதற்காகத் துவைக்காமல் இஸ்திரி போடவும் கூடாது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மருந்து துணியில் இருக்கும், அதையும் பச்சைத் தண்ணீரில் அலசிவிட வேண்டும்.

கேள்வி: அம்மா இறந்து ஒரு வருடம் ஆகிறது. அவருடைய காஞ்சிபுரம் பட்டுப் புடவைகளை வெட்டி, எங்கள் சகோதரிகள் எல்லோருக்கும் ஆளுக்கொரு குயில்ட் தைக்க நினைக்கிறேன். பட்டில் எதால் கோடு போடுவது? பயமாக இருக்கிறது. (கிளமெண்டி வாசகி)

பதில்: பயப்படுவது நியாயம்தான் தங்கச்சி. இந்தத் துணியை மறுபடி வாங்க முடியாதே. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பேனா எதுவும் வேண்டாம். தண்ணீரில் போகும் பேனா என்றால் தண்ணீர் விட வேண்டும். பட்டில் ஒரு சொட்டு விழுந்தாலே காய்ந்த பிறகு வளையமாகத் தடம் நிற்கும். சூட்டில் போகும் பேனா என்றால் சூடான இஸ்திரி வேண்டும், பழைய பட்டுக்கும் ஜரிகைக்கும் அது ஆகாது.

உங்களுக்கு ஏற்றது ஹேரா. ஜப்பானியத் தையல்காரர்கள் கிமோனோ தைக்கக் காலங்காலமாகப் பயன்படுத்திய கருவி. முன்பு எலும்பில் செய்தார்கள், இப்போது பிளாஸ்டிக்கில் கிடைக்கிறது. உள்ளங்கையில் அடங்கும், ஒரு முனை வெண்ணெய்க் கத்தி மாதிரி மழுங்கலாக வளைந்திருக்கும். மூன்று அடுக்கையும் சேர்த்து ஊசி குத்தி வைத்த பிறகு, கட்டிங் மேட்டின் மேல் பரப்பி, ஸ்கேலை வைத்து அதன் ஓரமாக ஹேராவை அழுத்தி ஒரே இழுப்பாக இழுங்கள். துணியில் மெல்லிய பள்ளம் விழும். அதுதான் கோடு. மை கிடையாது, பொடி கிடையாது, எடுக்கவும் ஒன்றும் இல்லை. தைக்கும்போது தலைக்கு மேலே இருக்கும் குழல் விளக்கை அணைத்துவிட்டு, மேஜை விளக்கைப் பக்கவாட்டில், துணி மட்டத்துக்குத் தாழ்த்தி வையுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து கோடு பளிச்சென்று தெரியும். ஒரே நிறமான உடல் பகுதியில் இது அருமையாக வேலை செய்யும். புட்டா நெருக்கமாக இருக்கும் இடத்தில் கண்ணுக்குப் பிடிபடாது.

ஜரிகைக் கரையில் மட்டும் ஹேராவை அழுத்தாதீர்கள், இழை மடங்கிவிடும். அங்கே நூலால் கோடு போடுங்கள். மெல்லிய பட்டு நூலை எடுத்து, தளர்வாக, நீள நீளமாக ஓட்டுத்தையல் ஓட்டி, அதன் பக்கத்திலேயே குயில்ட் தையலைப் போட்டு, பிறகு உருவிவிடுங்கள். காட்டன் நூலைவிடப் பட்டு நூல் தடம் குறைவாக விடும், பிசிறும் ஒட்டாது. நான் தேக்கா மாடியில் தையல் கடை வைத்திருந்த காலத்தில், கல்யாண ரவிக்கைகளுக்கு எல்லாக் குறியும் இப்படி நூலால்தான் போடுவேன்.

மாங்காய், மயில் என்று உருவம் தைப்பதாக இருந்தால் மெல்லிய டிஷ்யூ காகிதம் வையுங்கள். உருவத்தைப் பென்சிலால் வரைந்து அதன் மேலேயே தைத்தால் ஊசி கரியை இழுத்துக்கொண்டு பட்டுக்குள் போகும். அதனால் மெஷினில் நூல் கோக்காமல் கோட்டின் மேல் ஓட்டித் துளை போடுங்கள். வரைந்த தாளுக்கு அடியில் வெறும் தாள்கள் சிலவற்றையும் சேர்த்துக்கொண்டால் ஒரே ஓட்டத்தில் சகோதரிகள் எல்லோருக்கும் ஆகிவிடும். துளை விழுந்த வெறும் தாளைப் பட்டின் மேல் குத்தி வைத்து, துளை வழியே தைத்து, காகிதத்தைக் கிழித்து எடுத்துவிடுங்கள்.

எதைச் செய்தாலும் முதலில் புடவையின் உள்முனையில், கொசுவத்துக்குள் செருகும் பகுதியில் பாருங்கள். அங்கே தடம் விழுந்தால் இழப்பு இல்லை.

கேள்வி: பழைய டெய்லர் சாக்குக்கட்டி வீட்டில் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. பயன்படுத்தலாமா? (அங் மோ கியோ வாசகி)

பதில்: அது எந்த வகை என்று பாருங்கள். விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தால் களிமண் வகை, நல்லது. வழவழவென்று இருந்தால் மெழுகு வகை. மெழுகு இஸ்திரியில் உருகித் துணிக்குள் போய் எண்ணெய்க் கறையாக நிற்கும், குயில்ட்டுக்கு வேண்டாம். வெள்ளையைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். மஞ்சளும் சிவப்பும் சில துணியில் பிடிவாதமாக ஒட்டும். சாக் தீர்ந்துவிட்டால் குளித்துத் தேய்ந்த சோப்புச் சில்லும் கருந்துணிக்கு நன்றாகக் கோடு போடும், எண்ணெய்ச் சத்து, கிரீம் கலக்காத சாதாரணச் சோப்பாக இருக்கட்டும்.

கேள்வி: பென்சில் கோடு துவைத்தும் போகவில்லை. (தெம்பனிஸ் வாசகி)

பதில்: மூன்று பங்கு ரப்பிங் ஆல்கஹால், ஒரு பங்கு தண்ணீர், சில துளி நிறமில்லாத பாத்திரம் கழுவும் திரவம். கலந்து, மென்மையான பல் துலக்கியில் தொட்டு மெதுவாகத் தேய்த்து அலசுங்கள். சாயம் போகிறதா என்று ஓரத்தில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: குயில்ட்டில் என் பெயரும் வருஷமும் எழுத வேண்டும். அழியாமல் இருக்க எது நல்லது? (பிடோக் வாசகி)

பதில்: இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. பலரும் பெயர் போடாமல் விட்டுவிடுகிறார்கள். உங்கள் பக்கத்தில் சாங்கியில், 1942-ல், ஜப்பானியர் சிறையில் அடைத்த பெண்கள் மூன்று குயில்ட் தைத்தார்கள். எத்தல் முல்வனி என்ற கனடியப் பெண்மணி முன்னின்று செய்த ஏற்பாடு. ஒவ்வொன்றிலும் 66 சதுரம். ஒவ்வொரு பெண்ணும் தன் சதுரத்தில் பெயரைத் தைத்தார். பிரித்து வைக்கப்பட்ட கணவர்கள் அதைப் பார்த்தால், மனைவி உயிரோடு இருப்பது அவர்களுக்குத் தெரியும் என்பதற்காக. இரண்டு குயில்ட்டுகள் இன்று கான்பராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும், ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் இருக்கின்றன. பெயர்களை இன்றும் படிக்கலாம்.

அவர்கள் மாதிரி நூலால் தைப்பதே என் முதல் யோசனை. நீலப் பேனாவால் எழுதி, மேலே காம்புத் தையல் போட்டு, பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். பேனாவால்தான் என்றால் பிக்மா மாதிரி நிறமி மை உள்ள பேனா வாங்குங்கள். எழுதும்போது துணி நகராமல் இருக்க, பின்பக்கம் ஃப்ரீசர் பேப்பரை (ஒரு பக்கம் பிளாஸ்டிக் பூசிய தாள்) இஸ்திரியால் ஒட்டிக்கொள்ளலாம். தமிழிலேயே எழுதுங்கள்.

கேள்வி: புதிதாகத் தொடங்குகிறேன். எதையெல்லாம் வாங்க வேண்டும்? (ஜூரோங் வெஸ்ட் வாசகி)

பதில்: ஒரு ஹேரா, ஒரு வெள்ளைச் சாக் உருளை (உருட்டினால் சாக்குப் பொடியால் கோடு விழும் கருவி), ஒரு நீலப் பேனா. இவ்வளவு போதும். பிளாசா சிங்கப்பூராவில் ஸ்பாட்லைட் கடையில் கிடைக்கும், சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் பக்கத்துத் தையல் பொருள் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். நேர்கோட்டுக்கு மாஸ்கிங் டேப்பும் ஒட்டலாம், ஆனால் தைத்து முடித்த அன்றே பிரித்துவிடுங்கள், நம் வெக்கையில் பசை துணியிலேயே தங்கிவிடும். வாங்கி வந்த அன்றே குயில்ட் துணியில் ஒரு சாண் துண்டு வெட்டி, எல்லாவற்றாலும் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி ஓரமாக வையுங்கள். குயில்ட் தைக்க ஒரு மாதம் ஆகும் என்றால் துண்டும் ஒரு மாதம் இருக்கட்டும். பிறகு பாதியை வெட்டிப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், மறுபாதிக்கு இஸ்திரி போட்டுவிட்டு அலசுங்கள். எது போனது, எது நின்றது என்று எனக்கும் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.