எம்பி4 வீடியோ வீட்டு டிவிடி பிளேயரில் ஏன் ஓடவில்லை?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் காவடித் திருவிழாவில் போனில் எடுத்த எம்பி4 கோப்பை டிவிடியில் எழுதியும் வீட்டுப் பிளேயர் படிக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். வட்டைக் குறை சொல்லாதீர்கள். அப்படியே நகலெடுத்தால் அது வெறும் தரவு வட்டு. பழைய பிளேயர் தேடுவது டிவிடிக்கே உரிய எம்பெக்-2 வடிவ வீடியோவை.

கோப்பை அந்த வடிவத்துக்கு மாற்றித் தரும் இலவச மென்பொருளான டிவிடிஸ்டைலரில் அதைப் போட்டு ‘பால்’ (PAL) என்ற டிவி முறையைத் தேர்ந்தெடுங்கள். தென்னாப்பிரிக்காவுக்கு அதுதான்: 720×576, நொடிக்கு 25 ஃபிரேம், ஒலி ஏசி-3 (டால்பி) வடிவில், 48 கிலோஹெர்ட்ஸ். தவறி அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சி வைத்தால் பழைய டிவியில் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியலாம்.

4.7 ஜிபி வட்டில் ஒரு மணி நேரப் படத்துக்கு 8 எம்பிபிஎஸ் (நொடிக்கு 8 மெகாபிட் தரவு) தாராளம். இரண்டு மணி நேரத்துக்கு 4.5. இரண்டு மணி நேரத்துக்கு மேல் திணித்தால் மயிலிறகெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். 4 அல்லது 8 மடங்கு வேகத்தில் எழுதுங்கள்; ‘ஃபைனலைஸ்’ செய்யாத, அதாவது எழுதி முடித்து மூடாத வட்டு கணினியில் ஓடினாலும் பிளேயரில் பெரும்பாலும் ஓடாது.