போன் திரையை வயர் இல்லாமல் ஸ்மார்ட் டிவியில் காட்டுவது எப்படி? தேடினால் டிவியின் பெயரே வருவதில்லையே?

பழைய செட்டிநாட்டு வீடு, மோடம் முகப்பில் (வீட்டின் முன்பகுதியில்), டிவி இரண்டாம் கட்டில் (உள்ளே தள்ளியிருக்கும் பகுதியில்), போனில் தேடினால் டிவியின் பெயரே வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். டிவியைக் குறை சொல்வதற்கு முன் வீட்டுச் சுவரையும் வைஃபை போட்டிருக்கும் விதத்தையும் பாருங்கள். எங்கள் வீடும் காரைக்குடிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இதே தொல்லையில் இரண்டு நாள் தூக்கம் கெட்டு, காரணம் தெரிந்தபின் பத்தே நிமிடத்தில் சரி செய்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

போன பிள்ளையார் நோன்பின்போது நடந்தது. கார்த்திகை தீபத்திலிருந்து 21-ஆம் நாள் வரும் நோன்பு அது. 21 நூல் இழைகளைத் திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றி, வீட்டுப் பெரியவர் கையால் வாங்கிச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். அன்றைக்குக் குடும்பம் மொத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆயாவின் (பாட்டியின்) ஆசை. ஆனால் ஆச்சி (எங்கள் வழக்கில் அக்காவை ஆச்சி என்போம்) சிங்கப்பூரில் கைக்குழந்தையோடு இருந்தாள், வர முடியவில்லை. ஆயாவுக்கு 86 வயது. போனில் வீடியோ கால் போட்டுக் கையில் கொடுத்தால், குழந்தையின் முகம் எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே கால் முடிந்துவிடும். "ஏம்ப்பா, இம்புட்டுப் பெரிய டிவி இருக்கே, அதுல புள்ளையக் காட்ட முடியாதா?" என்று கேட்டார்கள். முடியும் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் மோடமும் அப்போது முகப்பில்தான். டிவி இருக்கும் இரண்டாம் கட்டு அறைக்கு சிக்னல் ஒரு கோடுதான் வரும். அதற்காகப் புதிதாக ஒரு ரூட்டர் வாங்கி, மோடத்திலிருந்து லேன் கேபிள் இழுத்து அந்த அறையில் வைத்தேன். குழப்பம் வேண்டாமே என்று பழைய வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே இதற்கும் கொடுத்தேன். போனில் சிக்னல் நிறைய. டிவியிலும் அதே பெயர் தெரிந்தது. ஆனால் போனில் டிவிக்கு அனுப்பும் காஸ்ட் பட்டனைத் தொட்டால் பட்டியல் காலி. டிவியை அணைத்துப் போட்டேன், முழுக்க ரீசெட் செய்தேன். வாங்கிய கடையில் கேட்டால், பழைய மாடல், மாற்றிவிடுங்கள் என்றார்கள். மதுரையில் நெட்வொர்க் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன்தான், "இரண்டுக்கும் ஐபி முகவரி என்ன என்று பாரு" என்றான். வலையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் கிடைக்கும் எண்தான் அது. டிவியின் முகவரி 192.168.1.7, போனின் முகவரி 192.168.0.4.

அந்த மூன்றாவது எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. புது ரூட்டரை அப்படியே செருகினால் அது தனக்கென்று ஒரு தனி வலையை உண்டாக்கிக்கொள்ளும். டிவி பழைய பழக்கத்தில் மோடத்தையே பிடித்துக்கொண்டிருந்தது, பக்கத்தில் இருந்த போன் புது ரூட்டருக்குத் தாவிவிட்டது. வைஃபையின் பெயர் ஒன்றாக இருந்தாலும் வலை இரண்டு. போன், "இங்கே ஏதாவது டிவி இருக்கிறதா?" என்று எழுப்பும் குரல் தன் வலையைத் தாண்டிப் போகாது. அப்புறம் எப்படிப் பட்டியலில் வரும்? புது ரூட்டரின் செட்டிங்ஸில் 'ஆக்சஸ் பாயிண்ட்' என்று ஒரு முறை இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து மறுபடி ஆன் செய்தேன். இப்போது முகவரி கொடுக்கும் வேலை மோடத்துக்கு மட்டும், ரூட்டர் சிக்னலைப் பரப்பினால் போதும். டிவியின் பெயர் உடனே வந்தது.

உங்கள் வீட்டிலும் இரண்டாவதாக ஏதாவது கருவி வைத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். இல்லையென்றால் போன் 'கெஸ்ட்' வைஃபையில் இருக்கிறதா என்று பாருங்கள். விருந்தாளிகளுக்கான அந்த இணைப்பில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி பெரும்பாலும் அடைத்துவைத்திருப்பார்கள். போனில் விபிஎன் (இணையப் போக்குவரத்தை வேறு வழியாகத் திருப்பிவிடும் ஆப்) ஓடினாலும் டிவி தெரியாமல் போகலாம். ஐபோன் என்றால் இன்னொன்று: 2020-இல் வந்த ஐஓஎஸ் 14-இலிருந்து ஒவ்வொரு ஆப்பும் 'லோக்கல் நெட்வொர்க்' அனுமதி கேட்கும். படிக்காமல் 'வேண்டாம்' என்று அழுத்தியிருந்தால் அந்த ஆப்பில் டிவி தெரியாது. செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் போய்த் திரும்ப ஆன் செய்துகொள்ளலாம்.

சரி, இப்போது சுவர். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய நம் பக்கத்துச் சுவர்களின் கனம் உங்களுக்கே தெரியும். வெயிலை வெளியே நிறுத்தும் அதே கனம் வைஃபையையும் நிறுத்துகிறது. வைஃபையில் பொதுவாக இரண்டு அலை உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் மிகவும் பலவீனம். 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகம் குறைவு, கொஞ்சம் தாண்டும். ஒரே மோடத்தில் டிவி 2.4-இலும் போன் 5-இலும் இருந்தால் பொதுவாகப் பிரச்சினை இல்லை, இரண்டும் ஒரே வலைதான்.

நம் வீடுகளுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. முகப்பு வாசலில் நின்றால் வளவு (முற்றம் உள்ள நடுப்பகுதி), இரண்டாம் கட்டு என்று நிலைவாசல்கள் ஒரே நேர்கோட்டில் போய்ப் பின்வாசல் தெரியும். மோடத்தை அந்தக் கோட்டில் வையுங்கள். மாடக்குழிக்குள்ளோ தேக்கு அலமாரிக்குள்ளோ வைத்துப் பூட்டாதீர்கள். முகப்பின் மூலையில் இருந்த எங்கள் மோடத்தை வளவுத் தூண் பக்கம் நகர்த்தியதும், ஒரு கோடு வந்த இடத்தில் மூன்று கோடு வந்தது. வளவு வானம் பார்த்த முற்றம், நடுவில் தடுக்க ஒன்றுமில்லை. மோடத்துக்குப் பக்கத்தில் பெல்ஜியம் கண்ணாடி மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். கண்ணாடியின் பின்பூச்சு உலோகம், அது அலையைத் திருப்பி அடித்துவிடும்.

கேபிள் இழுப்பதாக இருந்தால் தயவுசெய்து சுவரைத் துளைக்காதீர்கள். தாத்தா காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு ஒருமுறை பெயர்ந்தால் அந்த வழவழப்பைத் திரும்பக் கொண்டுவர ஆள் கிடைப்பது கஷ்டம். லேன் கேபிள் 100 மீட்டர் வரை ஒழுங்காக வேலை செய்யும். வளவுத் தாழ்வாரத்தின் மர விட்டத்தை ஒட்டிக் கொண்டுபோய், நிலைவாசல் மூலை வழியாக இறக்கினால் கண்ணுக்கே தெரியாது.

டிவி தெரிந்தபின் எந்த வழியில் படம் அனுப்புவது என்பது அடுத்த கேள்வி. 'டிவியில் போடுவது' என்று நாம் ஒன்றாகச் சொல்வதில் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. யூடியூபில் காஸ்ட் பட்டனைத் தொடுவது ஒன்று. அப்போது போன் படத்தை அனுப்புவதில்லை, எந்த வீடியோ என்று மட்டும் டிவிக்குச் சொல்கிறது. டிவி தானே இணையத்திலிருந்து எடுத்து ஓட்டுகிறது. போனைப் பூட்டிப் பையில் போட்டுக்கொள்ளலாம், வேறு யாரிடமாவது பேசலாம், படம் நிற்காது. மிரரிங் அப்படி இல்லை. போன் தன் திரையில் தெரிவதையெல்லாம் நொடிக்கு நொடி படமாக்கிச் சுருக்கி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். போன் சூடாகும், சார்ஜ் குறையும், டிவியில் படம் கொஞ்சம் பிந்தியே வரும். என் பழக்கம் இதுதான்: காஸ்ட் பட்டன் இருக்கும் ஆப்பில் மிரரிங் பக்கமே போகமாட்டேன். குடும்பப் படங்கள், வீடியோ கால், கணக்குத் தாள் இவற்றுக்கு மட்டும் மிரரிங்.

மிரரிங்கிலும் டிவிக்கு டிவி வழி மாறும். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் இருப்பது மிராகாஸ்ட். வைஃபை அலையன்ஸ் என்ற அமைப்பு 2012-இல் கொண்டுவந்த முறை அது. போனும் டிவியும் நேராகக் கைகோத்துக்கொள்ளும், மோடமும் வேண்டாம், இணையமும் வேண்டாம். ஆகவே நெட் போயிருந்தாலும் கல்யாண ஆல்பத்தை டிவியில் காட்டலாம், ஒரே அறையில் இருந்தால் போதும். சாம்சங் போனில் இதற்கு 'ஸ்மார்ட் வியூ' என்று பெயர், ஷியோமியில் 'காஸ்ட்'. சில டிவிகளில் முதலில் ரிமோட்டால் ஸ்கிரீன் ஷேர் பகுதியைத் திறந்து வைத்தால்தான் போனுக்கு அது தெரியும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். கூகுள் பிக்சல் போனில் மிராகாஸ்ட் கிடையாது, கூகுளின் சொந்த முறையான கூகுள் காஸ்ட் உள்ள டிவிதான் வேண்டும். ஐபோனிலும் கிடையாது, அதற்கு ஆப்பிளின் சொந்த முறையான ஏர்பிளே உள்ள டிவி வேண்டும்.

லேப்டாப் என்றால் சுலபம். விண்டோஸில் விண்டோஸ் பட்டனையும் கே எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் பக்கத்தில் உள்ள மிராகாஸ்ட் டிவிகளின் பட்டியல் வரும். மேக்கில் ஸ்கிரீன் மிரரிங். கூகுள் காஸ்ட் உள்ள டிவியாக இருந்தால் குரோம் பிரவுசரின் மூன்று புள்ளி மெனுவிலேயே காஸ்ட் இருக்கிறது, ஒரு டேப்பை மட்டும் அனுப்பலாம். கட்டணம் கட்டிப் பார்க்கும் படங்களை மிரர் செய்தால் ஒலி மட்டும் வந்து திரை கறுப்பாக நிற்கலாம். அது பழுது இல்லை, நகல் எடுக்காமலிருக்கப் போட்ட பூட்டு. டிவியிலேயே அந்த ஆப்பைப் போட்டுப் பாருங்கள்.

வீடியோ கால் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்களில் பாதி வீட்டில் பிள்ளைகள் வெளிநாட்டில்தான். டிவியில் முகம் தெரிந்தாலும் கேமரா போனில்தான் இருக்கிறது. போனைக் கையில் வைத்துக்கொண்டு டிவியைப் பார்த்தால், எதிர்ப்பக்கம் இருப்பவருக்கு நம் கன்னம்தான் தெரியும். டிவிக்கு நேர் கீழே ஒரு ஸ்டாண்டில் போனைப் படுக்கைவசமாக நிறுத்தி, சார்ஜரைச் செருகிவிடுங்கள். பெரியவர்கள் இயல்பாக டிவியைப் பார்த்துப் பேசுவார்கள், அங்கே முகத்துக்கு நேராகத் தெரியும். சில போன்களில் பேச்சொலி டிவிக்குப் போகாமல் போனிலேயே நிற்கும், அதுவே நல்லது. டிவியிலிருந்து சத்தமாக வந்தால் போன் மைக் அதையும் பிடித்து எதிரொலி கேட்கும், அப்போது டிவியின் ஒலியைக் குறையுங்கள். தொடங்குவதற்கு முன் 'டு நாட் டிஸ்டர்ப்' போட மறக்க வேண்டாம். மிரரிங்கில் வங்கிக் குறுஞ்செய்தியும் ஓடிபியும் வந்திருக்கிற அத்தனை பேர் முன்னாலும் டிவியில் தெரியும்.

விசேஷ நாள் என்றால் நான் எச்டிஎம்ஐ கேபிளும் ஒரு லேப்டாப்பும் தயாராக வைத்திருப்பேன். கரண்ட் போய் வந்தால் மோடம் எழுந்திருக்கச் சில நிமிடம் ஆகும், அந்த நேரம் பார்த்துத்தான் மணி ஐந்தாகி எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். லேப்டாப்பைக் கேபிளில் செருகி, இன்னொரு போனின் ஹாட்ஸ்பாட்டில் இணையம் கொடுத்தால் மோடத்துக்காகக் காத்திருக்காமல் வீடியோ காலைத் தொடரலாம்.

அன்றைக்குக் கேபிள் தேவைப்படவில்லை. சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் போவதால் அங்கே அவர்கள் இழை எடுத்து முடித்திருந்தார்கள். ஆச்சி குழந்தையைத் தூக்கி நிறுத்தினாள். டிவித் திரை முழுக்க அதன் முகம். ஆயா ஏற்றிய இழையைக் கையில் வைத்துக்கொண்டு டிவியைப் பார்த்து, "இந்தாத்தா, வாங்கிக்க" என்று நீட்டினார்கள். எங்கள் வீட்டில் இன்றுவரை பேசுவது அதைத்தான்.

நீங்கள் முதலில் ஒன்று செய்யுங்கள். டிவியின் நெட்வொர்க் செட்டிங்ஸில் ஒரு ஐபி முகவரி இருக்கும், போனின் வைஃபை விவரத்திலும் ஒன்று இருக்கும். புள்ளியால் பிரிந்த நான்கு எண்களில் முதல் மூன்றும் இரண்டிலும் ஒன்றா என்று பார்த்து, டிவி, போன் மாடலோடு கருத்தில் எழுதுங்கள். எந்த மெனுவில் எதைத் தொட வேண்டும் என்று சொல்கிறேன்.