பஸ்கி எடுத்தால் முழங்கால் தேயுமா?

கேள்வி: எனக்கு வயது 44, எடை 73 கிலோ. நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை. செல்போனில் பார்த்து '30 நாள் ஸ்குவாட் சவால்' (நம்ம ஊர் பஸ்கிதான்) தொடங்கினேன். முதல் நாளே 50. பத்தாம் நாள் 100. இப்போது மாடிப்படி இறங்கும்போது முழங்கால் சில்லுக்குப் பின்னால் வலிக்கிறது. உட்கார்ந்து எழுந்தால் 'டக் டக்' சத்தம். வீக்கம் இல்லை. "முட்டி கால்விரலைத் தாண்டக் கூடாது" என்கிறார் ஜிம் மாஸ்டர். "மூட்டு தேஞ்சிடும், விட்டுடு" என்கிறார் அண்ணன். யார் சொல்வதைக் கேட்பது? – ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்களைப் படுத்துவது ஸ்குவாட் அல்ல, அந்த 50. நாற்காலியிலேயே பழகிய கால், திடீரென்று ஒரு நாள் 73 கிலோவை ஐம்பது முறை இறக்கி ஏற்றியிருக்கிறது. பத்தே நாளில் அதையும் இரட்டிப்பாக்கிவிட்டீர்கள். தண்டாலும் பஸ்கியும் நூற்றுக்கணக்கில் எடுத்த நம் பழைய பயில்வான்கள் அந்தக் கணக்கைப் படிப்படியாக ஏற்றியவர்கள்.

முழங்கால் சில்லு, தொடை எலும்பின் நுனியிலுள்ள பள்ளத்தில் வழுக்கி ஓடுகிறது. கால் மடங்க மடங்க, தொடைத் தசை அதை எலும்போடு சேர்த்து அழுத்தும். தொடை தரைக்கு இணையாக வரும்போது அழுத்தம் ஏறக்குறைய உச்சத்தில் இருக்கும். படி இறங்கும்போதும் அதே இடம்தான் சுமக்கிறது, அதுவும் ஒற்றைக் காலில். வலி அங்கே தலைகாட்டுவது அதனால்தான். சத்தத்தை மறந்துவிடுங்கள், சத்தம் வரும் அந்த நொடியில் வலிக்காத, வீக்கமும் சேராத 'டக் டக்' எத்தனையோ நல்ல மூட்டுகளிலும் கேட்கும்.

அண்ணனின் பயத்துக்குக் கொஞ்சம் அடிப்படை உண்டு. சீனாவின் பெய்ஜிங்கில் முதியவர்களிடம் நடத்தி 2004இல் வெளியான ஆய்வில், இளமையில் தினமும் நெடுநேரம் குத்தவைத்து உட்கார்ந்தவர்களுக்கு மூட்டுத் தேய்மானம் அதிகம் தெரிந்தது. ஆனால் மணிக்கணக்கில் குத்தவைத்து இருப்பது வேறு, இறங்கியதும் எழுந்துவிடுவது வேறு. மூட்டில் எலும்பு நுனிகளை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அழுந்தி விடுபடும்போது மூட்டு நீர் உள்ளே போய் வருவதில்தான் அதற்குச் சத்து கிடைக்கிறது. காலை அசைக்காமல் வைத்துக் காப்பாற்றலாம் என்பது நடக்காத காரியம்.

மாஸ்டர் சொன்னதை அமெரிக்காவில் சோதித்தே பார்த்தார்கள். 2003இல் வெளியான அந்தச் சோதனையில், தோளில் பளு தாங்கிய ஏழு ஆண்களின் முட்டி முன்னால் போகாதபடி பலகை வைத்துத் தடுத்தார்கள். முழங்காலில் விழுந்த திருப்புவிசை, அதாவது மூட்டை மடக்கப் பார்க்கும் விசையின் அளவு, சுமார் 150 நியூட்டன் மீட்டரிலிருந்து 117 ஆகக் குறைந்தது. இடுப்பில் 28 இருந்தது 303 ஆனது! முட்டியில் மிச்சம் பிடித்ததைப் பல மடங்காக இடுப்பு கட்டியது. தொடை நீளமானவர்கள் ஆழமாக இறங்கினால் முட்டி விரலைத் தாண்டத்தான் செய்யும், அதில் குற்றமில்லை. ஆனாலும் வலி இருக்கும் இந்தச் சில வாரங்களுக்கு மட்டும் புட்டத்தைச் சற்றுப் பின்னால் தள்ளி உட்காருங்கள். முட்டிக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.

சவாலை இன்றோடு நிறுத்திவிட்டு, சாப்பாட்டு மேசை நாற்காலியில் ஒரு தலையணை போட்டு ஆரம்பியுங்கள். பாதங்கள் இடுப்பகலம், விரல்கள் லேசாக வெளிப்பக்கம். மூன்று எண்ணும் வரை மெதுவாக இறங்கி, தலையணையைத் தொட்டதும் எழுந்துவிடுங்கள். தொப்பென்று விழ வேண்டாம். முட்டிகள் உள்பக்கமாகச் சாயாமல் கால்விரல்கள் பார்க்கும் திசையிலேயே போகட்டும். எட்டு எட்டாக மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். வலிக்குப் பத்துக்கு மதிப்பெண் போட்டால், மூன்று வரை தொடரலாம். மறுநாள் காலையிலும் அந்த வலி மிஞ்சியிருந்தால் இன்னொரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். இரண்டு வாரம் ஒழுங்காகப் போனால் தலையணையை எடுத்துவிடலாம். அதன் பிறகு குட்டை ஸ்டூல். எண்ணிக்கையை ஏற்றும் வாரத்தில் ஆழத்தைக் கூட்டாதீர்கள்.

கேட்காத ஒன்று: எடை. மூட்டுத் தேய்மானமும் அதிக எடையும் உள்ள முதியவர்களிடம் அளந்தபோது, ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் சுமை சுமார் நான்கு கிலோ குறைந்தது. உங்களுக்கு அதே கணக்கு அப்படியே பொருந்தாவிட்டாலும், இரண்டு மூன்று கிலோ குறைந்தால் முட்டிக்கு லாபம்தான்.

கோயிலில் தோப்புக்கரணம் போடும் வழக்கம் இருந்தால் விட வேண்டாம், பாதி ஆழம் போதும். பிள்ளையார் கோணமானி வைத்து அளக்கப் போவதில்லை.

முழங்கால் வீங்கினாலோ, மடக்கிய கால் நீட்ட வராமல் மாட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது மடங்கிப் போனாலோ, தூக்கத்தைக் கெடுக்கும் வலி வந்தாலோ வீட்டுப் பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். வலியோடு காய்ச்சலும் மூட்டில் சூடும் சேர்ந்தால் அன்றைக்கே போக வேண்டும். இவை எதுவும் இல்லாமல், ஆறு வாரம் கழித்தும் படியில் அதே வலி இருந்தால், ஒரு பிசியோதெரபிஸ்ட் முன்னால் ஒருமுறை உட்கார்ந்து எழுந்து காட்டுங்கள். எக்ஸ்ரே எடுத்து அதில் 'லேசான தேய்மானம்' என்று எழுதி வந்தாலும் பதற வேண்டாம்; வலியே இல்லாத பலரின் எக்ஸ்ரேயிலும் அது இருக்கும்.