சவானாவில் ஒரே நாள்: எங்கெல்லாம் படம் எடுக்கலாம்?

கேமராவோடு ஒரு நாள் மட்டும் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துச் சவானா நகரில் இருக்கப்போகிறீர்கள், எங்கே போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். விடிந்ததும் ஃபோர்சித் பூங்காவுக்குப் போய்விடுங்கள். 1858-இல் வைத்த வெள்ளை நீரூற்றை ஆள்கூட்டம் இல்லாமல் எடுக்க அதுதான் நேரம்.

அங்கிருந்து வடக்கே ஆற்றை நோக்கி நடங்கள். 1733-இல் ஜேம்ஸ் ஓகல்தார்ப் என்ற ஆங்கிலேயர் தொடங்கிய ஊர் இது. அவர் வகுத்த திட்டப்படி வளர்ந்த சதுக்கங்களில் 22 இன்றும் இருக்கின்றன. ஓக் மரக்கிளைகளில் ‘ஸ்பானிஷ் மாஸ்’ என்ற சாம்பல் நிறச் செடி சடைசடையாகத் தொங்கும். வெயில் அதன் பின்னால் இருக்கும்படி நின்று எடுத்தால் ஒவ்வொரு இழையும் தெரியும். ஜோன்ஸ் தெருவின் செங்கல் வீடுகளையும் விட்டுவிடாதீர்கள்.

சாயங்காலம் ஆற்றங்கரைத் தெருவான ரிவர் ஸ்ட்ரீட். கப்பல்கள் நிலையாக நிற்கப் பாரமாக ஏற்றிவந்த கற்களைத்தான் அங்கே பாவியிருக்கிறார்கள்; வழுக்கும், நல்ல செருப்பு வேண்டும். பழைய பருத்திக் கிடங்குகள் அழகுதான். ஆனால் அந்தப் பருத்தி அடிமைகளின் உழைப்பு. அதனால் ஆற்றோரம் இருக்கும் வெண்கலச் சிலையருகே கொஞ்சம் நில்லுங்கள்: கட்டியணைத்து நிற்கும் ஒரு கறுப்பினக் குடும்பம், காலடியில் உடைந்த சங்கிலி.

அப்புறம், கார் இருந்தால் மட்டும், நகர மையத்திலிருந்து தள்ளியிருக்கும் வோர்ம்ஸ்லோவுக்குப் போங்கள்; இருபுறமும் ஓக் மரங்கள் நிற்கும் சாலை அது.